ஏற ஏறக் குறையுமா? மலைச் சதுப்புகளும் உயரத்தின் கணக்கும்

மலை ஏற ஏற உயிரினங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அடிவாரத்தில் அடர்காடு, நடுவில் கொஞ்சம் குட்டையான மரங்கள், உச்சியில் புல்லும் பாறையும். ஜெர்மன் இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1802இல் இன்றைய எக்குவடோரில் உள்ள சிம்பொராசோ மலையில் ஏறினார். எந்த உயரத்தில் எந்தச் செடி என்று ஒரே படத்தில் வரைந்து 1807இல் வெளியிட்டார். உயரத்தையும் உயிரையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வலுப்பட்டது. ஆனால் 1995இல் டென்மார்க் ஆய்வாளர் கார்ஸ்டன் ராபெக் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. ஏற ஏறக் குறைவதைவிட, நடு உயரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு குறையும் வடிவமே அதிகம் தென்பட்டது.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் மரம், பறவை, பூச்சி என்று நிலத்து உயிர்களுக்கே அதிக இடம். மலையில் உள்ள சதுப்பு, சுனை, ஓடை, வயல் ஆகியவற்றிடம் இதே கேள்வியைக் கேட்டால், யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறிவிடுகிறது. மீனை எண்ணினால் ஒரு வடிவம், தவளையை எண்ணினால் வேறொன்று, புல்லை எண்ணினால் மூன்றாவது. தென்னிந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் இன்று அளக்கும் கோட்டில் ஒரு பகுதியை மலை வரைந்தது. இன்னொரு பகுதியை மனிதர்கள் அழித்து வரைந்தார்கள். இரண்டையும் பிரிக்காமல் ‘உயரத்தால் குறைந்தது’ என்று எழுதிவிடுவது எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை, அதிலும் முக்கியமாக நீலகிரியை வைத்து இதைப் பார்க்கலாம்.

தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே

காடு சரிவிலும் வளரும். சதுப்பால் அது முடியாது; தண்ணீர் தேங்க ஒரு சமதளமோ பள்ளமோ வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். சுமார் 330 மீட்டர் உயரத்தில் கிளம்பும் ரயில், 46 கிலோமீட்டர் ஓடி 2,200 மீட்டரில் உள்ள ஊட்டியைத் தொடுகிறது. கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை அருவி வரும், ஓடை வரும், செங்குத்துப் பாறை வரும்; தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணில் படாது. குன்னூருக்கு மேலே, மலை மடிப்புகள் அகன்று தட்டையாகும் இடத்தில்தான் பள்ளத்தாக்கின் அடியில் சதுப்பு இருக்கும். அல்லது ஒருகாலத்தில் சதுப்பாக இருந்த கேரட் தோட்டம் இருக்கும்.

ஆகவே இந்த மலைகளில் தேங்கிய நீரின் ஈரநிலங்கள் அடியிலிருந்து நுனி வரை தொடர்ச்சியாக இல்லை. ஏறக்குறைய மூன்று படிகளில் இருக்கின்றன. முதல் படி 300 மீட்டருக்குக் கீழே: கேரளப் பக்கத்து அடிவாரக் காட்டுச் சதுப்புகளும், இந்தப் பக்கம் சமவெளியின் ஏரி குளங்களும். இரண்டாவது படி வயநாடு, கூடலூர், முதுமலை என்று விரியும் மேட்டுநிலம். 700 முதல் 1,000 மீட்டர் வரையான உயரம். அங்கே பள்ளத்தாக்குச் சதுப்பை ‘வயல்’ என்றே சொல்கிறார்கள், அதில் நெல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்றாவது படி 1,800 மீட்டருக்கு மேல்: மேல் நீலகிரி, பழனி மலையின் மேற்பகுதி, மூணாறுக்கு மேலே எரவிகுளம்.

படிகளுக்கு நடுவே இருப்பவை பாயும் ஓடைகள். ஓடையில் வாழும் உயிர்களையும் சதுப்பில் வாழும் உயிர்களையும் ஒரே பட்டியலில் போட்டு, உயரத்துக்கு எதிராக வரைபடம் போட்டால் அழகான வளைகோடு ஒன்று கிடைக்கும். அது எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

கீழ்ப்படி: கூட்டம் அதிகம்

எண்ணிக்கை மட்டும்தான் அளவுகோல் என்றால் கீழே இருப்பவற்றுக்கே வெற்றி. மீன், நத்தை, தட்டான், ஊசித்தட்டான், நீர்ச்செடி என்று எதை எடுத்தாலும் சமவெளி நீர்நிலைகளில் வகைகள் அதிகம். தாமரை, அல்லி மாதிரி மிதக்கும் இலைச் செடிகளுக்கு வெதுவெதுப்பான நீரும் சத்துள்ள சேறும் வேண்டும். இரண்டும் இங்கே தாராளம். மீன்களுக்கு இன்னொரு வசதி, வெள்ளம் வந்தால் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போய்விடலாம். மேலே ஏற வேண்டுமானால் அருவியைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான மீன்களுக்கு மலை முடியும் இடம் முதல் அருவிதான்.

ஆனால் கீழ்க் குளங்களில் இருக்கும் வகைகளில் பெரும்பாலானவை எங்கும் இருப்பவை. தஞ்சாவூர் வயலில் பார்க்கும் தட்டானையும் தவளையையும் ஒடிசாவிலும் பார்க்கலாம், வங்கத்திலும் பார்க்கலாம்.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு கேரள அடிவாரத்தில் இருக்கிறது. குளத்துப்புழை, அஞ்சல், செந்துருணிப் பகுதிகளில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் நன்னீர்ச் சதுப்புகள். ஆண்டின் பெரும்பகுதி சேற்றில் நிற்கும் இந்த மரங்களின் வேர்கள் மூச்சுவிட வெளியே வருகின்றன. சில மரங்களில் முழங்காலை மடக்கியது போல வளைந்து எழும்; சிலவற்றில் தண்டிலிருந்து முட்டுக்கால்களாக இறங்கும். 1960 வாக்கில்தான் அறிவியல் உலகம் இவற்றைத் தனி வகைக் காடாகப் பதிவு செய்தது. 2013இல் இந்தச் சதுப்புகளிலிருந்து மெர்குரானா என்ற புதிய பேரினத்தைச் சேர்ந்த மரத்தவளை ஒன்று விவரிக்கப்பட்டது. கேரளத்தில் மிச்சமிருக்கும் ஜாதிக்காய்ச் சதுப்புகள் எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்றரை சதுர கிலோமீட்டர். மலையடிவாரம் என்றாலே நெல், ரப்பர், ஊர் என்று ஆகிவிட்டதால், ஒருகாலத்தில் பரவலாக இருந்திருக்கக்கூடிய ஒன்று இப்போது அபூர்வமாகத் தெரிகிறது.

உயரம் நேரடியாக எதுவும் செய்வதில்லை

‘உயரம் கூடினால்’ என்று நாம் சொல்வது ஒரு சுருக்கெழுத்து. எந்தத் தவளைக்கும் தான் 2,000 மீட்டரில் இருப்பது தெரியாது. அதற்குத் தெரிவது குளிர், ஈரம், உறைபனி, நீரில் கரைந்த காற்று.

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுவான கணக்கு. சுமார் 400 மீட்டரில் உள்ள கோயம்புத்தூருக்கும் 2,240 மீட்டரில் உள்ள ஊட்டிக்கும் இடையே அந்தக் கணக்குப்படி 12 டிகிரி வித்தியாசம். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால் மேலே உள்ள நீர் உயிர்களுக்கு மூச்சு எளிது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். கடல்மட்டத்தில் 25 டிகிரி நீர், லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். ஊட்டி உயரத்தில் 15 டிகிரி நீர் ஏற்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான், சொல்லப்போனால் ஒரு துளி குறைவு. குளிர் கொடுத்ததை அழுத்தம் பிடுங்கிக்கொள்கிறது. அப்புறம் சதுப்பில் நீர் ஓடாமல் நிற்கிறது, அழுகும் இலைகள் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடுகின்றன. மேல் சதுப்பின் அடிச்சேற்றில் வாழ்வது சும்மா இல்லை.

மழைக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு இதைவிட ஒழுங்கற்றது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் மேற்கு விளிம்பில் உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அங்கிருந்து அதிக தூரமில்லாத, ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் ஊட்டி நகரத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 120 சென்டிமீட்டர். தென்மேற்குப் பருவமழையை மேற்கு விளிம்பு வாங்கிக்கொள்கிறது, கிழக்கே வரவர மேகம் காலியாகிறது. உயரம் ஒன்றுதான், ஈரநிலம் வேறு. மேற்கு விளிம்பின் சதுப்பையும் கோத்தகிரிப் பக்கத்துச் சதுப்பையும் ஒரே உயரக் கட்டத்தில் போட்டுச் சராசரி எடுப்பது எனக்கு எப்போதும் சந்தேகத்தைத் தருகிறது.

உறைபனி இன்னும் விசித்திரம். டிசம்பர், ஜனவரி வந்தால் செய்திகளில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்ற பெயர்கள் தவறாமல் அடிபடும். எல்லாம் தாழ்வான இடங்கள். குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிவுகளில் வழிந்து, தண்ணீர் மாதிரியே பள்ளத்தில் போய்த் தேங்கும். சற்று மேலே சரிவில் உள்ள சோலைக்காட்டின் விளிம்பு தப்பித்துவிட, கீழே சதுப்பு வெள்ளையாக விடியும். அதாவது ஒரே பள்ளத்தாக்குக்குள் உயரத்தின் கணக்கு தலைகீழ். பெரிய மலையளவில் ஏற ஏறக் குளிர். சின்னப் பள்ளத்தாக்கு அளவில் இறங்க இறங்கக் குளிர். சதுப்பு எப்போதும் பள்ளத்தின் அடியில் இருப்பதால், அங்குள்ள செடிகளுக்கு வரைபடத்தில் போட்டிருக்கும் உயரத்தைவிடக் கடுமையான குளிர் கிடைக்கிறது. சோலை மரக்கன்றுகள் அந்தத் திறந்த பள்ளங்களில் எளிதில் வேர்பிடிக்காததற்கு ஈரத்தோடு இந்த உறைபனியும் ஒரு காரணம்.

மேல்படி: பட்டியல் குட்டை, பெயர்கள் தனி

இனி மேலே போவோம். மேல் நீலகிரியின் ஒரு நல்ல சதுப்பில் நின்று செடிகளை எண்ணினால் பட்டியல் நீளாது. கோரை வகைகள், சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைத் தலையுடன் நிற்கும் எரியோகாலன், சில புற்கள், ஓரத்தில் ஆஸ்மண்டா பெரணி, அங்கங்கே பாசி மெத்தை. கூர்ந்து பார்த்தால் பூச்சி தின்னும் செடிகளும் தெரியும். இலையில் பிசுபிசுப்பான துளிகளை ஏந்தி நிற்கும் அழுகண்ணி இனம் ஒன்று. நீருக்கடியில் குட்டிப் பைகளால் நுண்ணுயிர்களை உறிஞ்சும் யூட்ரிகுலேரியா இன்னொன்று. இவை இருப்பதற்குக் காரணம் குளிர் என்பதைவிடச் சத்துப் பஞ்சம். நைட்ரஜன் மண்ணில் கிடைக்காதபோது பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. சமவெளியிலும் சத்தற்ற ஈர மண் உள்ள இடங்களில் அழுகண்ணி உண்டு. இதன் மறுபக்கத்தை ஊட்டி ஏரியில் பார்க்கலாம். கழிவுநீர் சத்தைக் கொண்டுவந்து கொட்டியதும், 2,200 மீட்டர் உயரத்திலேயே ஆகாயத்தாமரை செழித்தது.

குளிரும் நீர்த்தேக்கமும் சேர்ந்தால் செத்த செடி முழுதாக மட்காது. வருடா வருடம் அடுக்கடுக்காக அமுங்கிக் கறுப்பான பீட் மண்ணாகிறது. வெப்பமண்டலத்தில் இப்படி ஒரு பீட் படிவு மலைமேல் கிடைப்பது பெரிய விஷயம். இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிப் பீட்டில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் வகைகளை, அளந்து 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மரங்களும் சில புல் வகைகளும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறுவேறு. அந்த வித்தியாசம் செத்த பிறகும் மண்ணில் நிற்கும். அதை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுக உச்சத்தில் இந்த மலை இன்றைவிட வறண்டு, வறட்சி தாங்கும் புற்கள் மிகுந்து இருந்தது என்றும், பிறகு பருவமழை வலுத்தபோது தாவரங்கள் மாறின என்றும் படிக்க முடிந்தது. நீலகிரியின் புல்வெளிகள் காட்டை வெட்டியதால் வந்தவை என்ற பழைய வாதத்துக்கு இது பலத்த அடி. நம் விஷயத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ‘இந்த உயரத்தில் இந்தச் செடி’ என்ற ஏற்பாடு நிரந்தரமானது கிடையாது. தட்பவெப்பம் மாற மாற அது மேலும் கீழும் நகர்ந்திருக்கிறது.

மேல் சதுப்பின் பட்டியல் குட்டை என்றேன். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களை வேறு எங்கும் தேட முடியாது. எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியின் மேல் சதுப்புகளுக்கே உரியது. தோடர்கள் அதை அவ்ஃபுல் என்கிறார்கள். அவர்களின் கோயில்களின் கூரை இந்தப் புல்லால் வேயப்படுகிறது. சதுப்புகள் சுருங்கிய பிறகு கூரைக்குப் போதுமான புல்லைச் சேர்ப்பதே பாடாகிவிட்டது. ஒரு சதுப்பை வடித்து உருளைக்கிழங்கு போட்டால், பல்லுயிர்க் கணக்கில் ‘ஒரு புல் இனம்’ என்று ஒரு வரி குறையும். மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வாழ்பவர்களுக்குக் குறைவது அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

தவளைகளில் இது இன்னும் தெளிவு. தலைப்பிரட்டைக்குக் குளிர்நீர் சிரமம். வளர்ச்சி இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் குட்டை வற்றிவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் அந்தக் கட்டத்தையே தாண்டிவிட்டன. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, நேராகக் குட்டித் தவளை வெளியே வருகிறது. குளம் வேண்டாம், ஈரமான இலையோ புல்தூரோ போதும். மூடுபனி மீதியைப் பார்த்துக்கொள்ளும். ராவோர்கெஸ்டஸ் என்ற இந்தப் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பலவற்றுக்கு ஒரே ஒரு மலைத்தொகுதிதான் உலகம். நீலகிரி மேட்டில் ஒன்று இருந்தால் கொடைக்கானலில் இன்னொன்று. ஆனைமுடியைச் சுற்றியுள்ள எரவிகுளம் புல்வெளியில் மட்டும் வாழும் ஆரஞ்சு நிறத் தவளை 2010இல்தான் விவரிக்கப்பட்டது. அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம்.

ஏன் இப்படி மலைக்கு ஒன்று? அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1967இல் ஒரு விளக்கம் சொன்னார். குளிர்நாடுகளில் ஒரே இடத்திலேயே கோடையும் கடுங்குளிரும் மாறி மாறி வருவதால், அங்குள்ள உயிர்கள் பலவித வெப்பநிலையைத் தாங்கப் பழகியிருக்கும். வெப்பமண்டல மலையில் ஒரு குறிப்பிட்ட உயரத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. அதற்குப் பழகிய உயிரினத்துக்கு, கீழே உள்ள சூடான பள்ளம் கடக்க முடியாத சுவர். இதை நம் ஊரில் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக. அதன் வடக்கே நீலகிரியில் ஓடையோர மரத்தவளை கடிக்ஸாலஸ் வேரியபிலிஸ். தெற்கே பழனி மலையில் அதன் நெருங்கிய உறவான கடிக்ஸாலஸ் ஆஸ்டெராப்ஸ். சோலையில் வாழும் சிறு பறவைகளிலும் இதே பிரிவினை: நீலகிரியின் சோலைப்பாடி ஒரு இனம், ஆனைமலை–பழனியின் சோலைப்பாடி வேறு இனம்.

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியும் இதே மாதிரிதான். 2,100 மீட்டருக்கு மேல் ஈரப்புல்வெளியும் மேகக்காடும். மகாவலி, களனி, வளவை ஆறுகளின் தலைநீர் அங்கே. அந்த உயரத்துச் சதுப்புகளில் வாழும் மைக்ரோஹைலா ஜெய்லானிகா என்ற குட்டித் தவளை நாட்டின் தாழ்நிலத்தில் கிடையாது. பட்டியல் குட்டை, பெயர் தனி.

நடுப்படியில் ஒரு பள்ளம்

ராபெக் கண்ட வடிவம் இங்கேயும் பொருந்துமென்றால் நடு உயரம்தான் செழிப்பாக இருக்க வேண்டும். கீழிருந்து ஏறும் இனங்களும் மேலிருந்து இறங்கும் இனங்களும் சந்திக்கும் இடம். குளிரும் மிதம், ஈரமும் மிதம். ஓடைகளைப் பார்த்தால் அது பொருந்தவும் செய்கிறது. நடு உயரத்து மழைக்காட்டு ஓடைகளில் காலைத் தூக்கி அசைத்துத் துணையை அழைக்கும் நடனத் தவளைகள், ஓடைக்கு மேல் தொங்கும் இலையில் முட்டையிடும் இரவுத் தவளைகள் என்று வகைக்குப் பஞ்சமில்லை. 2019இல்கூட வயநாட்டின் குறிச்சியர்மலையிலிருந்து முற்றிலும் புதிய பேரினமாக ஒரு தவளை விவரிக்கப்பட்டது. முதுகெலும்பிகளில் புதிய பேரினம் என்பது அடிக்கடி நடக்கும் காரியமில்லை.

ஆனால் தேங்கிய நீரின் ஈரநிலங்களை, அதாவது வயல்களை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. வயநாட்டிலும் கூடலூரிலும் சதுப்புப் பள்ளத்தாக்குகள் நெடுங்காலமாக நெல் வயல்கள். செட்டிகளும் குறும்பர்களும் பணியர்களும் அவற்றில் உழைத்தார்கள். நெல் வயல் இயற்கைச் சதுப்பு ஆகாது, ஆனாலும் தண்ணீர் நிற்கிறது. தவளையும் தட்டானும் நண்டும் சிறுமீனும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பெரிய அடி விழுந்தது நெல் போய் வாழையும் இஞ்சியும் பாக்கும் வந்தபோது. வாழைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்த நிலத்தில் அடுத்து வீடு வரும். கேரளம் 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததே இந்த வேகத்தைப் பார்த்துத்தான். வயல் வயலாகவே மிஞ்சியிருப்பது முதுமலை மாதிரி காப்புக்காடுகளுக்குள். அங்கே மார்ச் மாதத்தில் சுற்றியுள்ள இலையுதிர் காடு காய்ந்து நிற்கும்போது, பச்சையாக இருக்கும் ஒரே பள்ளம் அதுதான். யானையும் காட்டெருதும் அங்கேதான் மேயும்.

இப்போது ஒருவர் மூன்று படிகளிலும் கணக்கெடுத்தால், நடுவில் உயிரினங்கள் குறைவு என்று முடிவு வரக்கூடும். அந்தக் குறைவுக்கு உயரம் காரணமில்லை. குடியிருக்கவும் பயிரிடவும் ஏற்ற உயரம் எது என்பதுதான் காரணம். மனிதர்களுக்கும் நடு உயரம்தான் பிடித்திருக்கிறது.

மேல்படியும் தப்பவில்லை. ஊட்டி ஏரியே 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டியது. அதன் ஒரு பகுதி பின்னாளில் தூர்க்கப்பட்டுப் பேருந்து நிலையமும் பந்தய மைதானமும் ஆயின. 1950, 60களில் குந்தா மின்திட்ட அணைகள் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானிப் பள்ளத்தாக்குகளின் அடியை மூழ்கடித்தன. பள்ளத்தாக்கின் அடி என்றால் அது சதுப்புதானே. புல்வெளியில் நட்ட சீகை (வாட்டில்) மரங்கள் சதுப்பு ஓரம் வரை இறங்கின. புல்லைவிட அதிகம் நீர் குடிக்கும் அவற்றை இப்போது அகற்ற முயல்கிறார்கள். விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் காத்திருப்பதால், வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்கிறது.

எண்ணிக்கை கூடினால் நல்லதா?

மேல் நீலகிரி ஓடைகளில் இயற்கையாகவே மீன் வகைகள் மிகக் குறைவு. ஆங்கிலேயர்களுக்கு இது குறையாகப் பட்டது. தூண்டில் போட ஒன்றுமில்லையே. 1860களில் மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே, குளிர்நீரில் வாழும் டிரவுட் மீன்களைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சுப் பண்ணை அமைந்தது. மூணாறிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் டிரவுட் விடப்பட்டது. வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மேல்படியின் மீன் வளம் கூடிவிட்டது! ஆனால் மீனே இல்லாத நீரில் வளர்ந்த தலைப்பிரட்டைக்கு மீனிடமிருந்து ஒளியத் தெரியாது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஏரிகளில் டிரவுட்டை அகற்றிப் பார்த்த பரிசோதனை 2004இல் வெளியானது. மீன் போனதும் தவளைகள் வேகமாகத் திரும்பின. நம் மலைகளிலும் யாராவது இதே பரிசோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

இதனால்தான் ‘இந்தச் சதுப்பில் 40 இனங்கள், அந்தக் குளத்தில் 120’ என்ற ஒப்பீடு எனக்குப் பாதிக் கணக்காகவே படுகிறது. இரண்டு படிகளுக்கும் பொதுவானவை எத்தனை என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும். சமவெளியில் பத்துக் குளங்களை எண்ணினால் பட்டியல் ஓர் அளவுக்கு மேல் நீளாது. பெரும்பாலும் அதே பெயர்கள் திரும்ப வரும். ஆனால் நீலகிரிச் சதுப்பு ஒன்று, பழனிச் சதுப்பு ஒன்று, எரவிகுளம் ஒன்று என்று எடுத்தால், தனித்தனியாகக் குட்டையான மூன்று பட்டியல்கள் சேர்ந்து நீண்டுவிடும்.

படிகள் மூடிய அறைகளும் இல்லை. இமயமலையில் இனப்பெருக்கம் செய்யும் அரிய காட்டு உள்ளான் குளிர்காலத்தில் நீலகிரி, மூணாறு உயரச் சதுப்புகளுக்கு வருகிறது, உயரத்திலிருந்து உயரத்துக்கு. வரித்தலை வாத்து வேறு மாதிரி. லடாக்கின் சோ மோரிரி போல 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரிக்கரைகளில் முட்டையிடும் இந்த இனம், குளிர்காலத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை இறங்குகிறது. ஆண்டின் ஒரு பாதியில் உயரத்து ஏரியின் பட்டியலிலும் மறுபாதியில் சமவெளிக் குளத்தின் பட்டியலிலும் இருக்கும் ஒரு பறவையை எந்தக் கட்டத்தில் போடுவது?

வெப்பம் கூடும்போது உயிரினங்கள் மேலே நகரும் என்கிறார்கள். காட்டு மரத்துக்கு அது ஓரளவு முடியலாம், விதை சரிவில் ஏறும். சதுப்புக்கு அந்த வழி இல்லை. அது இருக்கும் பள்ளம் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். அதற்கு மேலே சரிவும் உச்சியும்தான். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். மேல் சதுப்புகளிலிருந்து சில நூறு மீட்டர்தான் மிச்சம். உறைபனி நாட்கள் குறைந்து பீட் காய்ந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பனும் காற்றில் போகும்.

உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் தமிழ்நாட்டின் 20 இடங்கள் சேர்ந்திருக்கின்றன. மலைமேல் இருப்பது ஒன்றே ஒன்று, கோத்தகிரிக்கு அருகே லாங்வுட் சோலை, 2024இல் சேர்ந்தது. மேல்படிச் சதுப்புகளில் கொஞ்சம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. நடுப்படிக்கு, அதாவது காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள கூடலூர் வயல்களுக்கு, இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. அந்தப் பகுதியின் நிலச் சிக்கல் ஜென்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்து இழுபட்டுக்கொண்டிருப்பதால், எந்தப் பள்ளத்தை யார் பொறுப்பில் ஈரநிலம் என்று அறிவிப்பது என்பதே தகராறு. உயரமும் பல்லுயிரும் பற்றி அடுத்து யாராவது கணக்கெடுக்கப் போனால், ஊட்டிக்குப் போகும் வழியில் கூடலூரில் இறங்கி முதலில் அந்த வயல்களை எண்ணிவிட்டுப் போகலாம். நெல் நிற்கும் வயல், வாழைக்கு வடித்த வயல், முதுமலைக்குள் யாரும் கை வைக்காத வயல் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உயரம் செய்தது எவ்வளவு, நாம் செய்தது எவ்வளவு என்று பிரிப்பதற்கு அங்கேதான் வழி இருக்கிறது.